அலாஸ்காவில் வீட்டு வண்டி: நாலு பேர், ஒரே சாலை

பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 33 வருடம் ரயில் பெட்டிகளுக்குக் குழாயும் தொட்டியும் பொருத்தியவன் நான். அமெரிக்காவின் அலாஸ்காவில், ஆங்கரேஜ் நகரத்தில் வாடகை ஆர்.வி.யின், அதாவது வீட்டு வண்டியின், கதவைத் திறந்து காட்டியபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. மடக்குப் படுக்கை, தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி, மூச்சு முட்டுகிற அளவில் ஒரு கக்கூஸ். நம்ம பெட்டிதான், முன்னால் ஒரு லாரி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். போய்வந்ததிலிருந்து காலனியில் பார்க்கிறவர்கள் எல்லாம் "சார், எப்படிப் போனீங்க?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை, எழுதிவிடுகிறேன்.

முதல் வேலை, உங்கள் திட்டத்தில் பாதியை அடித்துவிடுவது. நாங்கள் நாலு பேர்: நான், ஒரு வாத்தியார், ஒரு பேங்க்காரர், ஒரு மருந்துக் கடைக்காரர். வாத்தியார் முதலில் போட்ட பட்டியலில் டெனாலி மலை இருந்தது, ஃபேர்பேங்க்ஸ் நகரம் இருந்தது, வடதுருவ வட்டம்கூட இருந்தது. பத்தே நாளில் இத்தனையும். நான் ஒரு சாலையை மட்டும் விட்டுவைத்தேன். ஆங்கரேஜிலிருந்து சீவர்ட் என்ற ஊர் வரைக்கும் 127 மைல், நம் கணக்கில் 204 கிலோமீட்டர். சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற தூரம். அதில் ஒன்பது நாள் இருந்தோம். பனியாறு, கடல், ஆறு, மீன் எல்லாம் இந்த ஒரு சாலையிலும் அதிலிருந்து பிரிகிற இரண்டு கிளைகளிலுமே கிடைத்துவிடுகிறது. வண்டியோ லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். பேங்க்காரர் இந்தக் கணக்கைக் கேட்ட பிறகுதான் வாத்தியார் பட்டியலை மடித்து வைத்தார்.

காகித வேலைக்கு ஒரு வருடம் முன்னாலேயே உட்காருங்கள். ஜெமினி பாலத்துப் பக்கம் அமெரிக்கத் தூதரகத்தில் விசா நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதே பெரிய பாடு. சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். ஆர்.டி.ஓ.வில் 1,000 ரூபாய் கட்டினால் கிடைக்கும், ஒரு வருடம்தான் செல்லும், சீக்கிரம் வாங்கினால் நஷ்டம். கூடவே அசல் லைசென்ஸும் பையில் இருக்க வேண்டும். வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் பெயரைப் பதியுங்கள். நாலு பேரும் ஓட்டலாம் என்று ஆரம்பித்தால் தினமும் காலையில் பஞ்சாயத்து.

ஓட்டும்போது வலப்பக்கம் போக வேண்டும் என்பது ஒரு நாளில் பழகிவிடும். பழகாதது இண்டிகேட்டர். நம் வண்டியில் வலக்கைக்கு இருப்பது அங்கே இடக்கைக்கு இருக்கிறது. முதல் இரண்டு நாள் நான் திரும்பிய இடத்திலெல்லாம் மழையே இல்லாமல் வைப்பர் ஆடியது. வண்டியை எடுத்ததும் ஏதாவது பெரிய கடையின் காலி பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் சுற்றுங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் வால், நீங்கள் திரும்புகிற திசைக்கு எதிர்ப்பக்கம் வீசும். கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள். பகலிலும் ஹெட்லைட் போட்டே ஓட்ட வேண்டும். உங்களுக்குப் பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால் ஓரங்கட்டி வழிவிட வேண்டும், அது அங்கே சட்டம். யாரும் ஹாரன் அடித்து ஞாபகப்படுத்த மாட்டார்கள். அதனால் வாத்தியாரைக் கண்ணாடிப் பக்கம் உட்கார வைத்தோம். வகுப்பில் தலை எண்ணுகிற குரலில் "மூணு... நாலு..." என்பார், நான் ஓரம் தேடுவேன்.

சரி, யாரும் பேச விரும்பாத விஷயத்துக்கு வருகிறேன். வண்டியில் மூன்று தொட்டி. நல்ல தண்ணீருக்கு ஒன்று, எங்களுடையதில் சுமார் 150 லிட்டர். குளியல், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போவது சாம்பல் தொட்டி. கக்கூஸ் கழிவு கறுப்புத் தொட்டி. கழிவைக் கொட்டுகிற டம்ப் ஸ்டேஷனில் முதலில் கறுப்பைத் திறக்க வேண்டும், அப்புறம் சாம்பலை. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து அதே குழாயை அலசிவிடும். மாற்றிச் செய்தால் குழாயோடு நீங்களும் நாறுவீர்கள். கறுப்புத் தொட்டியின் வால்வை நிரந்தரமாகத் திறந்து வைக்கிற புத்திசாலித்தனமும் வேண்டாம். தண்ணீர் ஓடிவிடும், கெட்டி மட்டும் தங்கி இறுகிவிடும். முக்கால்வாசி நிரம்பட்டும், அப்போதுதான் வேகத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். நாம் தண்ணீர் பிடித்துக் கழுவுகிறவர்கள். அமெரிக்கர் கணக்கைவிடச் சீக்கிரம் நிரம்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையுறை கட்டாயம். இந்த வேலை யாருடையது என்பதைச் சென்னையிலேயே முடிவு செய்துவிடுங்கள். எங்கள் குழுவில் ஓட்டெடுப்பே நடக்கவில்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சமையலுக்கு மிக்ஸி தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே 120 வோல்ட், நம் மிக்ஸி முனகும், அரைக்காது. அரிசி, கொண்டைக்கடலை, பச்சைக் கறிவேப்பிலை எதையும் பெட்டியில் வைக்க வேண்டாம், விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். அரிசி ஆங்கரேஜ் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. குழம்பு மிளகாய்த் தூளும் புளியும் இருந்தால் போதும், அவற்றையும் மறைக்காமல் படிவத்தில் எழுதிக் காட்டுங்கள். தாளிக்கும் முன் கூரை விசிறியைப் போட்டு எல்லா ஜன்னலையும் திறக்க வேண்டும். முதல் நாள் காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழுந்த மறு நொடி புகை அலாரம் அலறியது. பக்கத்து வண்டிக்காரர் தீயணைப்பு சிலிண்டரோடு ஓடி வந்தார். அவருக்கும் ஒரு தட்டு கொடுத்தோம்.

ஆங்கரேஜை விட்டதும் வலப்பக்கம் டர்னகெய்ன் ஆர்ம் என்ற கடற்கழி கூடவே வரும். நீர் வடிந்ததும் மெரினா மணல் மாதிரி ஆசை காட்டும். இறங்காதீர்கள். அது பனியாறு அரைத்துத் தள்ளிய பொடிச் சேறு, காலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், அலையும் வேகமாகத் திரும்பும். கொஞ்சம் தாண்டினால் போர்ட்டேஜ் என்ற இடம். பனியாற்றைக் காட்டுவதற்காகவே 1986இல் அங்கே ஒரு பார்வையாளர் மையம் திறந்தார்கள். இப்போது அங்கே நின்றால் பனியாறு தெரியாது, அவ்வளவு பின்வாங்கிவிட்டது. படகில் ஏரியைக் கடந்து போனால் பார்க்கலாம்.

அதற்கடுத்த சுரங்கத்தை எக்காரணத்தைக் கொண்டும் விடாதீர்கள். விட்டியர் ஊருக்குப் போக மலையைக் குடைந்து 4 கிலோமீட்டர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரயிலுக்காகத் தோண்டியது. 2000இலிருந்து கார்களையும் விடுகிறார்கள். ஒரே பாதைதான். ரயிலும் அதில்தான், நாமும் அதில்தான், போகிறவர்களும் வருகிறவர்களும் முறை வைத்து. விட்டியருக்குப் போகப் பத்தரை, பதினொன்றரை என்று அரை மணிக்கு, திரும்பப் பதினொன்று, பன்னிரண்டு என்று முழு மணிக்கு. தவறவிட்டால் ஒரு மணி நேரம் வரிசையில் உட்கார வேண்டியதுதான். பச்சை விளக்கு விழுந்ததும் வண்டியைத் தண்டவாளத்துக்கு நடுவே நேராகப் பிடித்து, சொன்ன வேகத்தில் போனேன். வாழ்நாள் முழுக்கத் தண்டவாளத்தில் ஓடுவதற்குப் பெட்டி செய்து அனுப்பினேன், ஓட்டியது அன்றைக்குத்தான். மருந்துக் கடைக்காரர் "என்னய்யா, கண்ணுல தூசியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பனியாற்றைக் கிட்டத்தில் பார்க்க இரண்டு வழி. காசு செலவில்லாதது சீவர்டுக்கு வெளியே எக்ஸிட் கிளேசியர் என்ற பனியாறு. போகிற வழி நெடுக வருடம் எழுதிய பலகைகள் நிற்கும்: 1917, 1926, 1951. அந்தந்த வருடம் பனி எட்டியிருந்த இடம் அது. காரை நிறுத்தி நடந்து மேலே ஏறினால் 2010 என்று ஒரு பலகை. என் மகள் பிளஸ் டூ எழுதிய வருடம். அங்கே நின்று பனியைத் தேடினேன். அது எங்கேயோ மேலே, பாறைச் சரிவில் ஏறிக்கொண்டு இருந்தது.

இன்னொன்று சீவர்டிலிருந்து ஆறு மணி நேரக் கப்பல். கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே வாந்தி மாத்திரை போடுங்கள். கடலில் போய்ப் போட்டால் பிரயோஜனமில்லை என்று மருந்துக் கடைக்காரர் தலையில் அடித்துச் சொன்னார். பேங்க்காரர் கேட்கவில்லை, அதனால் பனியாற்றையும் பார்க்கவில்லை. பனிச்சுவரிலிருந்து ஒரு துண்டு சரிவது முதலில் கண்ணுக்குத் தெரியும், சத்தம் மெதுவாக அப்புறம் வரும், தீபாவளிக்குப் பக்கத்துத் தெருவில் வெடிக்கிற அணுகுண்டு மாதிரி.

மீனுக்கு ரஷ்யன் ரிவர். கூப்பர் லேண்டிங் ஊரைத் தாண்டி, கீனாய் ஆற்றில் அது சேருகிற இடம். சாக்கை என்கிற சால்மன் வகை ஜூன் நடுவில் ஒரு தடவை, ஜூலைக் கடைசியில் ஒரு தடவை கடலிலிருந்து ஆற்றில் ஏறும். வெளியிலிருந்து வருகிறவர்களில் 16 வயது நிரம்பிய எல்லோருக்கும் மீன்பிடி லைசென்ஸ் வேண்டும், இணையத்திலேயே வாங்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை மீன், எந்த இடம் மூடியிருக்கிறது என்பதெல்லாம் சீசன் நடுவிலேயே மாறும். அன்றைக்குக் காலையில் மாநில மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். வலை வைத்து அள்ளுகிறவர்களைப் பார்த்து நீங்களும் கை வைக்கக் கூடாது. அது அந்த மாநிலத்துக்காரர்களுக்கு மட்டும்.

ஆற்றுக்குள் வந்துவிட்ட சாக்கை இரை தின்பதை நிறுத்திவிடும். அதனால் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் காலம் முழுக்க உட்கார வேண்டியதுதான். தொடை வரை உயர்ந்த வாடகை பூட்ஸோடு நின்று, ஓட்டத்தின் மேல் பக்கம் தூண்டிலை வீசி, ஈயக்குண்டு தரையைத் தட்டித் தட்டி உருள விட்டு, கீழ்ப்பக்கம் வந்ததும் எடுத்து மறுபடி வீச வேண்டும். தட்டுவது நின்றால் வெட்டி இழுங்கள். கொக்கி வாயில் மாட்டினால்தான் மீன் உங்களுடையது. முதுகிலோ வாலிலோ மாட்டினால் விட்டுவிட வேண்டும். வாத்தியார் நாலு மீனை விட்டுவிட்டு ஐந்தாவதை எடுத்தார். காசிமேட்டில் காலா மீனை இந்தியன் சால்மன் என்று விற்பார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சதை தணல் நிறத்தில் இருந்தது.

பை, சாப்பாடு, மீன் எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும், கரடி நிஜமாகவே வரும். கரடியை விரட்ட அடிக்கிற மிளகாய் ஸ்ப்ரேயை அங்கே போய் வாங்குங்கள், விமானத்தில் எந்தப் பெட்டியிலும் ஏற்ற விட மாட்டார்கள். சுத்தம் செய்த எலும்பையும் குடலையும் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஓட்டமுள்ள தண்ணீரில் எறிய வேண்டும். கரையில் விடக் கூடாது. குழம்பு வைக்கும்போது மீனைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள். வஞ்சிரம் மாதிரி தாங்காது, உடைந்துவிடும். எண்ணெயைக் குறைத்து ஊற்றுங்கள், மீனே விடும்.

வண்டியைத் திருப்பித் தரும் நாளில் இரண்டு கழிவுத் தொட்டியும் காலியாக இருக்க வேண்டும், பெட்ரோல் வண்டியை எடுத்தபோது இருந்த அளவுக்கு இருக்க வேண்டும். முந்தின ராத்திரி திரைச்சீலைகளைக் கழற்றி வெளிக்காற்றில் போடுங்கள். புளிக்குழம்பு வாசம் இருக்கையிலிருந்து போய்விடுகிறது, திரையிலிருந்து போவதில்லை.