அங்கதத்தைத் திருப்பிப் போட்டால் மட்டும் போதாது

எங்கள் வாசிப்புக் குழுவில் ஒருமுறை அயர்லாந்து எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்டின் ‘ஓர் எளிய யோசனை’யை எடுத்துக்கொண்டோம். 1729-இல் வந்த சின்னப் பிரசுரம். அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று யோசனை சொல்வது. பாதியிலேயே ஒரு நண்பர் தாளை மடித்து வைத்துவிட்டு, “இந்த ஆளுக்கு மனசு சரியில்லையா?” என்றார். இன்னொருவர் சிரித்தபடி, “இது வஞ்சப்புகழ்ச்சிப்பா. சொல்றதை அப்படியே திருப்பிப் போட்டுப் படி” என்றார். முதலாமவர் தவறவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாமவரும் தவறவிட்டார் என்பது எனக்கே உறைக்கச் சில வருஷம் ஆனது.

முதல் தவறு ரொம்பப் பழையது. அந்தக் காலத்து வாசகர்களே அதில் விழுந்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்தாளர் டேனியல் டீஃபோ 1702-இல் பெயர் போடாமல் ஒரு பிரசுரம் வெளியிட்டார். இங்கிலாந்துத் திருச்சபையோடு ஒத்துப்போகாதவர்களை நாடு கடத்த வேண்டும், தூக்கில் போட வேண்டும் என்று ஒரு மதவெறியர் முழங்குவது போல எழுதியிருந்தார். ஒத்துப்போகாத அந்தக் கூட்டத்தில் டீஃபோவும் ஒருவர். திருச்சபைத் தீவிரர்கள் சிலர் அதை நிஜமென்று நம்பி மெச்சினார்கள். குட்டு வெளிப்பட்ட பிறகு, 1703 ஜூலையில் மூன்று நாள் அவரைச் சந்தியில் மரக்கட்டையில் கழுத்தையும் கையையும் மாட்டி நிறுத்தினார்கள். ஆக, ‘அப்போது எல்லோருக்கும் புரிந்திருக்கும், நமக்குத்தான் புரியவில்லை’ என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது தவறுதான் வினை. படித்தவர்கள் செய்வது அது. வஞ்சப்புகழ்ச்சியை நாம் பள்ளியிலேயே கற்றுவிடுகிறோம். ஔவை தொண்டைமானிடம் போய், உன் படைக்கலங்கள் பீலி சூடி, நெய் பூசிக் காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன, அதியமானுடையவை நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். திருப்பிப் போட்டால் பொருள் கைக்கு வந்துவிடும். ஸ்விஃப்டைத் திருப்பிப் போட்டால் என்ன வரும்? ‘ஏழைக் குழந்தைகளைத் தின்னக் கூடாது.’ இதைச் சொல்ல ஒருவர் பிரசுரம் அச்சடிப்பாரா?

அதனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இங்கே பேசுவது யார்? ஸ்விஃப்ட் இல்லை. அவர் டப்ளினில் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தின் தலைவர். பேசுபவர் நாட்டுக்கு நல்லது செய்யத் துடிக்கும் ஒரு திட்டக்காரர், நல்ல மனுஷர் வேறு. கந்தலோடு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பிச்சை எடுக்கும் தாய்மாரைப் பார்த்து வருந்துவதில்தான் ஆரம்பிக்கிறார். அப்புறம் கணக்குக்கு வருகிறார். அயர்லாந்தில் 15 லட்சம் பேர். பிள்ளை பெறக்கூடிய தம்பதிகள் 2,00,000. வளர்க்க வசதியுள்ளவர்கள் 30,000, அதைக் கழி. கருச்சிதைவும் ஒரு வயதுக்குள் சாவதும் 50,000, அதையும் கழி. மிச்சம் ஆண்டுக்கு 1,20,000 ஏழைக் குழந்தைகள். அதில் 20,000-ஐ இனம் பெருக்க நிறுத்திக்கொள்ளலாம், கால் பங்கு ஆண் போதும், ஆடு மாடு பன்றிக்கு நாம் விடுவதைவிட அதுவே அதிகம் என்கிறார். மீதி லட்சத்தை ஒரு வயதில் விற்றுவிடலாம். வளர்ப்புச் செலவு 2 ஷில்லிங், விலை 10, தாய்க்கு 8 லாபம். மிளகும் உப்பும் சேர்த்து நாலாம் நாள் வேகவைத்தால் அருமையாக இருக்கும், குளிர்காலத்தில் இன்னும் விசேஷம்.

இந்தக் கழித்தல் கணக்கைக் கவனியுங்கள். குழந்தைகள் சாவது ஏற்கெனவே அதில் ஒரு வரியாக வந்துவிட்டது, நாமும் முகம் சுளிக்காமல் தாண்டி வந்துவிட்டோம். சமையல் குறிப்பு வரும்போதுதான் பதறுகிறோம். ஸ்விஃப்ட் இந்தக் குரலைக் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. அவருக்கு ஒரு தலைமுறை முன்பே வில்லியம் பெட்டி என்ற அறிஞர், அயர்லாந்து மக்களைத் தலைக்கு இவ்வளவு பவுண்டு என்று மதிப்புப் போட்டு எழுதியிருந்தார். பகடி செய்யப்படுவது மனிதரைச் சரக்காக எண்ணும் அந்தப் பேனா.

இன்னொன்று: பலரும் சிரிப்பு வரும் இடங்களைப் படித்துவிட்டு, கடைசிப் பக்கங்களை ஓட்டிவிடுகிறார்கள். அங்கேதான் திட்டக்காரர், ‘வேறு வழிகளைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம்’ என்று சலித்துக்கொண்டு அந்த வழிகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். ஊரில் இல்லாமல் வாடகை மட்டும் வாங்கும் நிலக்கிழார்கள் மீது வரி, உள்நாட்டுத் துணியையே உடுத்துவது, குடியானவர் மேல் கொஞ்சம் இரக்கம். உள்நாட்டுச் சரக்கையே வாங்கச் சொல்லி ஸ்விஃப்ட் தன் சொந்த வாதமாகவே 1720-இல் ஒரு பிரசுரம் எழுதியிருந்தார். அதை அச்சிட்டவர் மீது வழக்குப் போட்டார்கள். ஒன்பது வருஷம் கழித்து அதே கோரிக்கையை ‘நடக்காத காரியம்’ பட்டியலில் போட்டு, நடக்கக்கூடியது குழந்தைக்கறி மட்டும்தான் என்று வைக்கிறார். அடி அயர்லாந்தை ஆண்ட இங்கிலாந்துக்கு மட்டுமல்ல, சொல்லியும் கேட்காத சொந்த ஊர்க்காரர்களுக்கும்தான்.

பேசுபவரையும் எழுதியவரையும் குழப்புவதால் வரும் இன்னொரு தீர்ப்பு, ஸ்விஃப்ட் மனித வெறுப்பாளர் என்பது. ‘கலிவரின் பயணங்கள்’ (1726) நாலாம் பாகத்தைக் காட்டுவார்கள். பகுத்தறிவுள்ள குதிரைகள் ஆளும் தீவு, யாஹூ என்ற அழுக்குப் பிடித்த மனிதப் பிராணிகள், ஊர் திரும்பி மனைவியின் வாடையையே சகிக்காத கலிவர். ஆனால் அவரைக் கப்பலேற்றிக் காப்பாற்றும் போர்ச்சுகீசியக் கேப்டன் பெத்ரோ தெ மெந்தேஸை ஏன் மறந்துவிடுகிறோம்? சாப்பாடு போட்டு, உடை கொடுத்து, வீட்டில் தங்க வைக்கிறார். ஸ்விஃப்ட் அங்கே வேண்டுமென்றே ஒரு நல்ல மனிதரை நிறுத்தியிருக்கிறார், கலிவருக்கு அது கண்ணில் படவில்லை. அந்த மகா நாகரிகமான குதிரைகளோ, யாஹூக்களைப் பூண்டோடு ஒழிக்கலாமா என்று சபை கூட்டி விவாதிக்கின்றன. 1725-இல் நண்பரான கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கு எழுதிய கடிதத்தில், மனிதன் பகுத்தறிவுள்ள விலங்கு என்ற வரையறையே பிழை, பகுத்தறிவுக்குத் திறன் உள்ள விலங்கு என்றுதான் சொல்ல வேண்டும் என்கிறார் ஸ்விஃப்ட். (லில்லிபுட்டின் சித்திரக் குள்ளர்களோடு முடிந்துவிடும் சிறுவர் பதிப்பை மட்டும் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அவர்கள் படித்தது வேறு புத்தகம்.)

மேற்கோள் எடுக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்க்யூ ‘சட்டங்களின் சாரம்’ (1748) நூலில், கறுப்பின மக்களை அடிமைப்படுத்தும் உரிமைக்கு வாதாட வேண்டியிருந்தால் இப்படிச் சொல்வேன் என்று ஒரு சின்ன அத்தியாயம் எழுதினார். அடிமைகள் இல்லாவிட்டால் சர்க்கரை விலை ஏறிவிடும். அவர்களை மனிதர் என்று ஒப்புக்கொண்டால், நாம் கிறிஸ்தவர்கள்தானா என்ற சந்தேகம் வந்துவிடும். இதில் ஒரு வரியை மட்டும் உருவினால் மாண்டெஸ்க்யூ அடிமை முறையின் ஆதரவாளர் ஆகிவிடுவார். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேருக்கு நேர்மாறான கதி: ‘நீ சொல்வதை ஏற்கவில்லை, ஆனால் சொல்லும் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்று அவர் பெயரில் உலவும் வாசகம் அவருடையதல்ல, ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் 1906-இல் எழுதிய நூலில் உள்ளது.

வால்டேரின் ‘கான்டீட்’ (1759) கதை விஷயத்தில் மோசம் செய்வது ஒரு சொல். அதில் நக்கலடிக்கப்படும் ‘ஆப்டிமிசம்’ நம் ஊர் தன்னம்பிக்கைப் பேச்சல்ல. இருக்கக்கூடிய உலகங்களிலேயே இதுதான் சிறந்தது என்ற, ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் பெயரோடு ஒட்டிய தத்துவம். 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நகரத்தைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு அதை அப்படியே சொல்லிக்கொண்டிருப்பது எப்படி என்பதுதான் வால்டேரின் கேள்வி.

அதன் 19-ஆம் அத்தியாயத்தை ‘அடிமை முறைக்கு எதிரான உருக்கமான காட்சி’ என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்களின் குடியேற்றமான சூரினாம் செல்லும் வழியில் இடது காலும் வலது கையும் இல்லாத ஓர் அடிமை தரையில் கிடக்கிறான். ஆலையில் விரல் மாட்டினால் கையை வெட்டுவார்கள், ஓடப் பார்த்தால் காலை வெட்டுவார்கள், எனக்கு இரண்டும் நடந்தது, ஐரோப்பாவில் நீங்கள் சர்க்கரை தின்பது இந்த விலைக்குத்தான் என்கிறான். கதாநாயகன் கான்டீட், தன் குரு கற்பித்த அந்த ‘ஆப்டிமிச’த்தையே கைவிடுவதாகக் கதறுகிறான், அழுதுகொண்டே ஊருக்குள் போகிறான். அந்த நேரத்தில் அவனிடம் தங்கமும் ரத்தினமும் சுமந்த இரண்டு ஆடுகள் இருக்கின்றன. இவனை மீட்க எவ்வளவு ஆகும் என்று கேட்கத் தோன்றவில்லை. அடிமையின் எஜமானனே பிறகு அந்த ஆடுகளைக் கப்பலோடு அடித்துக்கொண்டு போகிறான். மனிதரின் கயமை முழுக் கோரத்தோடு தன் மனக்கண்ணில் தெரிந்ததாகக் கான்டீட் உணர்வது அதற்குப் பிறகுதான்.