பேகன் மதங்களைப் புரிந்துகொள்வதில் நேரும் தவறுகள்

லண்டனிலோ டொரொண்டோவிலோ மெல்போர்னிலோ வாழும் தமிழர்களுக்கு, ‘நான் பேகன்’ என்று சொல்லும் உடன் பணியாளரோ வகுப்புத் தோழரோ அமைவது இன்று அபூர்வமில்லை. கிறித்தவத்துக்கு முந்தைய தெய்வங்களையும் இயற்கையையும் வழிபடும் இன்றைய மதங்களைப் பின்பற்றுபவர்கள் இவர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 74,000 பேர் தங்கள் மதம் பேகன் என்றும், 13,000 பேர் விக்கா என்றும் எழுதிக் கொடுத்தார்கள். எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் இவர்களைப் பற்றி உலவும் தவறான எண்ணங்கள் ஏராளம். சினிமாவிலிருந்து வந்தவை சில, தேவாலயப் பிரசங்கத்திலிருந்து வந்தவை சில. பேகன்களே ஒருகாலத்தில் நம்பிப் பரப்பியவையும் உண்டு.

முதல் தவறு, இதை ஒரே மதமாக நினைப்பது. பேகன் என்பது பொதுப்பெயர். அதற்குள் பிரிட்டனில் பிறந்த, சூனியக்கலையை வழிபாடாக்கிய விக்கா இருக்கிறது. பழங்காலக் கெல்டியக் குருமார்களின் பெயரைத் தாங்கிய ட்ரூயிட் நெறி இருக்கிறது. ஓடின், தோர் முதலான வடஐரோப்பியக் கடவுள்களை வணங்கும் ஹீத்தன்கள் இருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் இவர்களின் வழிக்கு ஆசாத்ரூ என்று பெயர். லிதுவேனியாவின் ரொமுவா, கிரேக்கத்தின் பழைய தெய்வங்களுக்குத் திரும்பியவர்கள், எகிப்தியத் தெய்வங்களை வழிபடுபவர்கள் என்று பட்டியல் நீளும். இவர்கள் அனைவருக்கும் பொதுவான வேதம் கிடையாது, தலைமைப் பீடம் கிடையாது. ‘யாருக்கும் தீங்கில்லையேல் விரும்பியதைச் செய்’ என்பதும், செய்த வினை மும்மடங்காகத் திரும்பும் என்பதும் விக்காவைச் சேர்ந்த கருத்துகள். ஒரு ஹீத்தனிடம் போய் அவற்றை ‘உங்கள் கொள்கை’ என்று சொன்னால் அவர் முகம் சுளிப்பார்.

கடவுளைப் பற்றிய கருத்தும் ஒன்றல்ல. தோர் உண்மையிலேயே தனியொரு தெய்வம் என்பார் ஒருவர். எல்லாத் தேவியரும் ஒரே தேவியின் வடிவங்கள் என்பார் இன்னொருவர். தெய்வம் என்பது இயற்கைக்கு நாம் வைத்த பெயர், அவ்வளவே என்பார் மூன்றாமவர். இந்த மூவரும் ஒரே சடங்கில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். அதனால் ‘நீங்கள் எதை நம்புகிறீர்கள்?’ என்று தொடங்கினால் பேச்சு நகராது. எந்த வழியைப் பின்பற்றுகிறீர்கள், தனியாகவா குழுவோடா, எந்தெந்த நாட்களைக் கொண்டாடுவீர்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். இங்கே மனிதரை அடையாளம் காட்டுவது நம்பிக்கையைவிடச் செயல்தான்.

பழமை என்னும் பொறி

மிகப் பெரிய குழப்பம் இங்கேதான். ஒரு மதம் எத்தனை ஆயிரம் ஆண்டு பழையது என்று பார்த்து மரியாதை தரும் பழக்கம் நமக்கு உண்டு. அந்த அளவுகோலோடு பேகன் மதங்களை அணுகினால் இரண்டு பக்கமும் சறுக்கும்.

விக்காவை எடுத்துக்கொள்வோம். அதை உலகுக்கு அறிவித்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் (1884–1964). இளம் வயதில் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து, 1936இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ரகசியமாகப் பிழைத்திருந்த பழைய மதமொன்றில் 1939இல் தீட்சை பெற்றதாகச் சொன்னார். சூனிய சக்தி உண்டென்று பாசாங்கு செய்வோரைத் தண்டித்த 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. அதன் பிறகு, 1954இல் இந்த மதத்தைப் பற்றிய அவர் புத்தகம் வெளிவந்தது. கிறித்தவத்துக்கு முந்தைய மதம் ஒன்று ஐரோப்பாவில் தலைமறைவாகத் தொடர்ந்தது என்ற கருத்தை 1921இல் மார்கரெட் மர்ரே என்ற எகிப்தியவியலாளர் முன்வைத்திருந்தார். கார்ட்னர் நின்றது அதன் மேல்தான். வரலாற்றாசிரியர்கள் அதை முற்றாக நிராகரித்துவிட்டார்கள். சடங்குப் பாடல்களில் சிறந்தவற்றை எழுதியவர் 1953இல் தீட்சை பெற்ற டோரீன் வாலியன்ட்டே. ஆக, விக்கா இருபதாம் நூற்றாண்டின் மதம். இன்று படித்த விக்கர்கள் பலரும் இதைத் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆண்டுக்கு எட்டுத் திருநாள் என்ற சக்கரமும் அப்படித்தான். தனித்தனியே பார்த்தால் அக்டோபர் கடைசியில் வரும் சௌயின், மே தொடக்கத்தில் வரும் பெல்டேன் போன்றவை பழைய அயர்லாந்துத் திருநாட்கள். எட்டையும் சேர்த்து ஒரே ஆண்டுச் சக்கரமாக்கியது 1950களில். செப்டம்பர் சமஇரவு நாளுக்கு மேபன் என்று 1970களில் பெயர் வைத்தவர் ஓர் அமெரிக்கர். இங்கிலாந்தில் உள்ள ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தின் பெருங்கற்கள் கி.மு. 2500 அளவில் நட்டவை. ட்ரூயிட் குருமார்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகள் அதற்கு இரண்டாயிரம் ஆண்டு பிந்தியவை. இரண்டையும் முடிச்சுப் போட்டவர்கள் 17, 18ஆம் நூற்றாண்டுப் பழம்பொருள் ஆர்வலர்கள்.

இதைத் தெரிந்துகொண்டதும் ‘அப்படியானால் எல்லாம் போலி’ என்று தாவுவது அடுத்த தவறு. தோற்றக்கதை பொய்த்தால் வழிபாடு பொய்த்துவிடாது. எழுபது ஆண்டுகளில் தீட்சை மரபு, திருமண முறை, இறுதிச் சடங்கு எல்லாம் உருவாகி இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்துவிட்டது. மேலும் எல்லா வழியின் வரலாறும் ஒன்றல்ல. லிதுவேனிய அரசு கிறித்தவத்தை ஏற்றது 1387இல்தான். நாட்டுப்பாடல்களில் பழைய தெய்வப் பெயர்கள் நிறையவே தங்கியிருக்கின்றன. ரொமுவா அந்தப் பாடல்களிலிருந்து 1967இல் சோவியத் ஆட்சியின் கண்காணிப்புக்கு இடையே எழுந்தது. அரசு அங்கீகாரத்தை 2019இல் நாடாளுமன்றம் மறுக்க, 2021இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த மறுப்பைத் தவறென்றது. 2024 டிசம்பரில்தான் அங்கீகாரம் கிடைத்தது. ஐஸ்லாந்தின் ஆசாத்ரூ சங்கமோ 1972இல் தொடங்கி மறு ஆண்டே பதிவாகிவிட்டது. ஆனால் அவர்கள் நம்பியிருக்கும் ‘உரைநடை எட்டா’ என்ற தெய்வக்கதை நூல், நாடு கிறித்தவமான பிறகு இருநூறாண்டு கழித்து ஒரு கிறித்தவர் தொகுத்தது. எந்தத் துண்டு பழையது, எது மீட்டுக் கட்டியது, எது புதிது என்று தனித்தனியே கேட்பதுதான் சரியான முறை.

ஐரோப்பாவின் சூனிய வேட்டையில் 90 லட்சம் பெண்கள் எரிக்கப்பட்டார்கள் என்ற கணக்கை இன்னும் பலர் பகிர்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் போட்ட ஒரு தவறான மதிப்பீடு அது. இன்றைய ஆய்வாளர்கள் சொல்லும் எண்ணிக்கை ஏறத்தாழ 40,000 முதல் 60,000. அவர்களில் ஆண்களும் உண்டு. இங்கிலாந்தில் தண்டனை பெரும்பாலும் தூக்கு. அமெரிக்காவின் சேலத்தில் 1692இல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல்லேற்றி நசுக்கினார்கள், யாரையும் எரிக்கவில்லை. கொல்லப்பட்டவர்கள் ரகசியப் பேகன்களும் அல்லர். அக்கம்பக்கத்தார் பழி சுமத்திய சாதாரணக் கிறித்தவர்கள். அவர்களுக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்ல எண்ணிக்கையைப் பெருக்கத் தேவையே இல்லை.

சாத்தான் வழிபாடு என்ற குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் வேண்டாம். சாத்தான் கிறித்தவ இறையியலின் பாத்திரம். பெரும்பாலான பேகன்கள் அவன் இருப்பதாகவே நம்புவதில்லை. வட்டத்துக்குள் ஐந்துமுனை நட்சத்திரம் விக்கர்களின் அடையாளம். அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை அதைக் கல்லறைக் கல்லில் பொறிக்க 2007இல் அனுமதித்தது; தோரின் சுத்தியலுக்கு 2013இல்.

சுத்தியலும் இனவெறியும்

தோரின் சுத்தியலைக் கழுத்தில் அணிந்தவரெல்லாம் நாஜி என்று எண்ணுவது தவறு. ஹீத்தன்களிடையே இனவெறிச் சிக்கலே இல்லை என்பதும் அதே அளவு தவறு, நம்மைப் போன்ற நிறத்தவருக்கு ஆபத்தானதும்கூட. வடஐரோப்பிய ரத்தம் உள்ளவர்களுக்கு மட்டுமே இந்தத் தெய்வங்கள் என்று சொல்லும் குழுக்கள் உண்மையில் இருக்கின்றன. அவர்களோடு உறவில்லை என்று 2016இல் பல ஹீத்தன் அமைப்புகள் கூட்டாக அறிவித்தன. ஹாவமால் என்ற பழைய வடஐரோப்பியப் பாட்டின் ஒரு செய்யுள் எண்ணைத் தாங்கிய அந்த அறிக்கைக்குப் ‘பிரகடனம் 127’ என்று பெயர். சுத்தியல் ஒன்றைக் கொண்டு முடிவுக்கு வராதீர்கள். ‘கருஞ்சூரியன்’ என்ற பன்னிரு ஆரச் சின்னம் கூட இருந்தால் எச்சரிக்கையாகுங்கள்: அது எந்தப் பழங்குடியின் சின்னமும் அல்ல, ஜெர்மனியின் வேவெல்ஸ்பர்க் கோட்டையின் தரையில் நாஜிகளின் எஸ்.எஸ். படையின் காலத்தில் பதித்தது. ஒரு குழுவின் இணையப் பக்கத்தில் ‘மூதாதையர்’ என்ற சொல் உறுப்பினர் தகுதியாக வருகிறதா, வழிபாட்டுப் பொருளாக வருகிறதா என்று பாருங்கள். பின்னது இயல்பு, முன்னது இனக்கதவு.

‘எங்கள் அய்யனாரும் மாரியம்மனும் பேகன் தெய்வங்கள்தானே?’ என்று நம்மவர்கள் நேசத்தோடு சொல்வதுண்டு. ஒப்பிடலாம், ஒன்றாக்கக் கூடாது. நாட்டார் தெய்வ வழிபாடு அறுபடாமல் வருவது. குலம், ஊர், சாதி, பூசாரி உரிமை எல்லாவற்றோடும் பின்னியது. பேகன்களில் பெரும்பாலோர் வளர்ந்த பிறகு தாமே தேர்ந்து வந்தவர்கள். மேற்கில் பலர் வீட்டுப் பூசை மேடையில் காளியை வைத்திருக்கிறார்கள். அதை உடனே திருட்டு என்றோ பெருமை என்றோ சொல்வதற்கு முன், எப்படி வழிபடுகிறார், யாரிடம் கற்றார் என்று கேட்பது நியாயம்.

சடங்குக்கு அழைத்தால்

விக்காச் சடங்கில் முதலில் வட்டம் போடுவார்கள்; கார்ட்னர் மரபில் அதன் விட்டம் ஒன்பது அடி. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்ற வரிசையில் திசைகளை அழைப்பார்கள், பிறகு தெய்வங்களை. வட்டம் போட்ட பிறகு குறுக்கே வெளியேறுவது பெரிய பிழை. அவசரமென்றால் அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள். கத்தியால் காற்றில் வாசல் வரைந்து உங்களை வெளியே அனுப்புவார். உள்ளே நடப்பது வலஞ்சுழியாக. கறுப்புப் பிடி போட்ட அந்தக் கத்தியைத் தொடாதீர்கள், அது காய்கறி நறுக்கும் கத்தியும் அல்ல. படம் எடுப்பதற்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும்: வேலையிடத்திலும் குடும்பத்திலும் தம் மதத்தை மறைத்து வாழ்பவர் அங்கே இருப்பார், ஒரு புகைப்படம் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹீத்தன் கூட்டத்தில் தேன்மது நிறைந்த கொம்பு சுற்றி வரும். வழக்கமாக மூன்று சுற்று: தெய்வங்களுக்கு, மூதாதையருக்கு, மூன்றாவதில் அவரவர் சாதனையோ சபதமோ. மது அருந்தாதவர் கொம்பை உயர்த்திப் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கலாம். ஆனால் மூன்றாம் சுற்றில் உற்சாகத்தில் எதையாவது சபதம் செய்துவிடாதீர்கள். கொம்பின் மேல் சொன்ன சொல் கூட்டத்தார் அனைவரையும் பிணைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நிறைவேற்றாவிட்டால் கேள்வி வரும்.

வாழ்த்துச் சொல்வதற்கு முன் நாட்டைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் பருவங்கள் தலைகீழ் என்பதால் பெரும்பாலோர் குளிர்காலத் திருநாளான யூலை ஜூன் 21ஐ ஒட்டிக் கொண்டாடுகிறார்கள். அக்டோபர் கடைசியில் அவர்களுக்கு வருவது பெல்டேன், சௌயின் அல்ல. கையில் பழமோ ரொட்டியோ கொண்டுபோங்கள். சடங்கு முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், கேள்விகளை அப்போது கேட்டால் போதும்.