வெளிறிப்போன மரகதம் தெளிந்த விதம்

என் மரகத மோதிரத்தை அல்ட்ராசானிக் இயந்திரத்தில் (நுண்ணிய ஒலி அதிர்வால் நகை கழுவும் கருவி) கழுவி எடுத்தபின், கல்லுக்குள் நரைமுடி போன்ற வெண்கோடுகள் தெரிந்தன. சோப்பு படிந்திருக்குமென்று மென்தூரிகையால் இருமுறை தேய்த்தும் பயனில்லை. கீறலோ என்று நகநுனியால் தடவினேன், எதுவும் தட்டுப்படவில்லை. கல்லே போலியோ என்ற சந்தேகத்தில் மேலும் இரண்டு நாள் வீணாயிற்று.

பிறகு ஒரு கிண்ணம் நீரில் மோதிரத்தைச் சற்று நேரம் போட்டு வைத்தபோது கோடுகள் மங்கின, உலர்ந்ததும் திரும்பின. அவை மேற்பரப்பு வரை திறந்திருக்கும் இயற்கை விரிசல்கள் என்பதும், பெரும்பாலான மரகதங்களில் அவற்றை மறைக்க ஏற்றப்படும் எண்ணெயை இயந்திரத்தின் அதிர்வும் சூடும் வெளியேற்றிவிட்டன என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் மரகதத்துக்கு ஏறத்தாழ 1.58, காற்றுக்கு 1, விரிசலை மறைக்க ஏற்றும் தேவதாரு எண்ணெய்க்கு 1.51 அளவு. எண்கள் நெருங்க நெருங்க விரிசலின் விளிம்பு கண்ணிலிருந்து மறைகிறது.

ரத்தின வேலை அறிந்த ஒருவர் கல்லைக் கழற்றி, நன்கு சுத்தம் செய்து உலர்த்தி, இளஞ்சூடான நிறமற்ற தேவதாரு எண்ணெயை வெற்றிடத்தில் ஏற்றித் தந்தார். பக்கவாட்டு ஒளியில் சாய்த்தால் மட்டும் ஒரே ஒரு கோடு இன்னும் தெரிகிறது. இப்போது வெதுவெதுப்பான சோப்புநீரும் மென்தூரிகையும் மட்டுமே.