ஜீப் எவ்வளவு சாயலாம்?

குமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டச் சரிவுகளில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. இடது, வலது டயர்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் (வண்டியின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) உயரத்தால் வகுங்கள். அகலம் 1.4 மீட்டர், உயரம் 0.7 மீட்டர் என்றால் விடை 1. tan 45° = 1 என்பதால், பக்கவாட்டில் 45 டிகிரி சாய்ந்தால் கவிழும்.

ஆனால் இது நிற்கும் வண்டிக்கு. ஓடும்போது ஸ்பிரிங் ஒரு பக்கம் அமுங்கும், குலுங்கும், அதற்கு முன்பே கவிழ்ந்துவிடும். 20 டிகிரி தாண்டும் என்று தோன்றினால் நான் முதலில் இறங்கி நடந்து பார்த்துவிடுவேன். மொபைலில் உள்ள சாய்வுமானியே போதும்.

மேட்டுப் பக்க டயர் 20 செ.மீ. வேரில் ஏறினாலே சாய்வு 8 டிகிரி கூடும். அதே நேரம் மறுபக்க டயர் மழையில் ஊறிய செம்மண்ணில் புதைந்தால் கேட்கவே வேண்டாம். நம் மாவட்டத்துக்குத்தான் இரண்டு பருவமழையும் உண்டே! ஈர்ப்பு மையம் உயராமல் இருக்க, ரப்பர் ஷீட்டை மேல் கேரியரில் கட்டாதீர்கள், உள்ளே தரையில் போடுங்கள்.

சரிவில் குறுக்கே போகாமல் நேராக ஏறி இறங்குங்கள். குறுக்கே போகையில் வண்டி சாயத் தொடங்கினால் ஸ்டியரிங்கை இறக்கத்துப் பக்கம் திருப்புங்கள். கீழே கிடுகிடு பள்ளமா? அப்படியே நிறுத்தி, எல்லோரும் மேட்டுப் பக்கக் கதவு வழியாக இறங்குங்கள்.