கோழிக்கூட்டுக்குள் வருவது எது, எந்த வழியாக வருகிறது? முதலில் கண்டுபிடித்து, பிறகு அடைக்கும் முறை

ஒரே வாரத்தில் 4 கோழிகளை இழந்தேன். முதல் நாள் ஒன்றைக் காணோம். எங்காவது புதரில் அடைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் கூட்டைத் திறந்தபோது, அடையில் இருந்த சாம்பல் பெட்டை முட்டைகளின் மேலேயே தலையில்லாமல் கிடந்தது. முட்டை ஒன்றுகூட உருண்டிருக்கவில்லை. கடைசி வரை அது இடத்தை விட்டு எழவே இல்லை. 21 நாளில் 17 நாள் முடிந்திருந்தது.

அதன்பின் செய்தவற்றில் பாதி வீண்வேலை. மீதிப் பாதி பலன் தந்தது. இப்போது 14 மாதங்களாக ஒரு குஞ்சுகூடப் போகவில்லை. பலன் தந்ததை மட்டும் வரிசையாக எழுதுகிறேன். கூடு கட்டுவது, தீவனம் வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: இடத்தைப் பெருக்காதீர்கள், முதலில் பாருங்கள்

கோழி செத்துக் கிடந்தால் உடனே எடுத்துப் புதைத்துவிட்டு இடத்தைக் கழுவத்தான் மனம் வரும். பத்து நிமிடம் பொறுங்கள். வந்தது எது என்பதற்கான சாட்சி அங்கேதான் இருக்கிறது.

தலையும் கழுத்தும் மட்டும் தின்னப்பட்டு உடல் கிடந்தால் மரநாயாக இருக்கலாம், ஆந்தையாகவும் இருக்கலாம். பல கோழிகள் கடிபட்டுச் செத்து, எதையும் சரியாகத் தின்னாமல் விட்டிருந்தால் முதலில் நாயைச் சந்தேகப்படுங்கள். அடைபட்ட கூட்டுக்குள் புகுந்த கீரியும் மரநாயும்கூடத் தேவைக்கு மேல் கொல்லும். கோழியே இல்லை, கொஞ்சம் இறகு மட்டும் வேலியோரம் கிடக்கிறது என்றால் நரி அல்லது காட்டுப்பூனை. இறகுகள் ஒரே இடத்தில் வட்டமாகப் பிடுங்கிப் போடப்பட்டிருந்தால் பருந்து, வல்லூறு வகை. முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பெரும்பாலும் பாம்பு. செத்த குஞ்சின் தலையும் கழுத்தும் மட்டும் ஈரமாக, இறகு ஒட்டிப்போய் இருந்தாலும் பாம்புதான். விழுங்கப் பார்த்து முடியாமல் துப்பியிருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றி ரத்தமே இல்லை என்றால், கோழி நோயில் செத்த பிறகு ஏதோ ஒன்று வந்து தின்றிருக்கலாம். அப்போது மற்ற கோழிகளின் உடல்நிலையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். செத்ததை வெறுங்கையால் தொடாமல் ஆழமாகப் புதையுங்கள்.

நேரமும் ஒரு துப்புதான். கீரி பகலில் வேட்டையாடும், மரநாய் இரவில் வரும். நண்பகலில் போன குஞ்சுக்காக இரவெல்லாம் டார்ச்சோடு காத்திருந்து பயனில்லை.

படி 2: சாம்பல் தூவுங்கள்

கேமரா இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. சலித்த விறகுச் சாம்பலைக் கூட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மெல்லிசாகத் தூவுங்கள். மாவு தூவச் சொல்பவர்கள் உண்டு. மாவுக்கு எலியும் எறும்பும் வந்து காலையில் தடத்தையே கலைத்துவிடும். என் ஓட்டு சாம்பலுக்குத்தான்.

காலையில் வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். நான்கு விரல், நகக்குறி தெரிகிறது என்றால் நாய் அல்லது நரி. நான்கு விரல், நகக்குறி இல்லை என்றால் பூனை இனம். ஐந்து விரல் தெரிந்தால் மரநாய் அல்லது கீரி. பதிந்தது இரவிலா பகலிலா என்பதை வைத்துப் பிரித்துவிடலாம்.

தரையில் மட்டும் தூவி நிறுத்திவிடாதீர்கள். சுவரின் மேல்விளிம்பு, கூரையைத் தாங்கும் கட்டை, கதவின் மேல்சட்டம் எல்லாவற்றிலும் தூவுங்கள். இதைச் செய்யாததால் எனக்கு இரண்டு நாள் உழைப்பும் ஒரு கோழியும் போயின. அதை அடுத்த படியில் சொல்கிறேன்.

படி 3: வழியைக் கண்டுபிடியுங்கள் (நான் ஏமாந்தது இங்கேதான்)

கூட்டின் பின்பக்கம் மண் கொஞ்சம் கிளறியிருந்தது. சரி, தோண்டித்தான் வருகிறது என்று முடிவு கட்டினேன். சுற்றிலும் ஒரு முழம் பள்ளம் வெட்டி, வலையைப் புதைத்து, கல் அடுக்கி மூடினேன். கை கொப்பளித்துப் போனது. அன்று இரவே நான்காவது கோழி போனது. மண்ணைக் கிளறியது என் கோழிகளேதான் என்பது பிறகுதான் புரிந்தது.

அடுத்த நாள் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். கூரைத் தகரமும் சுவரும் சேரும் இடத்தில், காற்றுக்காக விட்டிருந்த இடைவெளியில், தகரத்தின் கீழ்விளிம்பில் நான்கைந்து முடி ஒட்டியிருந்தது. அடியில் பழுப்பாகவும் நுனியில் கறுப்பாகவும் இருந்தது. அதன் கீழே சுவரில் கைவிரல் அகலத்துக்கு எண்ணெய் பிடித்தாற்போல் ஒரு கறை. தினமும் உரசி உரசி உண்டான கறை அது. தலையைத் தூக்கினால், மாங்கிளை ஒன்று தகரத்துக்கு ஒரு முழம் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. மரநாய்க்கு இதைவிட நல்ல பாதை வேண்டுமா? நான் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தேன், அது கிளை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். நன்றாக இருட்டிய பிறகு கூட்டுக்குள் ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, கதவை மூடி, வெளியே நின்று சுற்றி வாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் ஓட்டை. பகலில் கண்ணில் படவே படாத பொத்தல்கள் அப்போது பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றையும் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு விரல் நுழையும் இடைவெளி எதையும் விடக் கூடாது. பிறகு கூரைக்கு மேலே நீளும் கிளைகளை வெட்டுங்கள். என்னுடையதைக் கூரையிலிருந்து 2 மீட்டர் தள்ளி வெட்டினேன்.

படி 4: வலை

அறுகோணக் கண் உள்ள மெல்லிய கம்பி வலையைத்தான் கோழிவலை என்று விற்கிறார்கள். அது கோழி வெளியே போகாமல் இருக்க உதவும், வேட்டை விலங்கு உள்ளே வராமல் தடுக்காது. நாய் பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். குஞ்சும் எலியும் சின்னப் பாம்பும் தாராளமாக நுழையும். அதில் காசு போடாதீர்கள்.

அரை அங்குலச் சதுரக் கண் உள்ள, துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ் வாங்குங்கள். கம்பி 1 மி.மீ. தடிமனாவது இருக்கட்டும். விலை அதிகம்தான். கூடு முழுக்க முடியாவிட்டால், தரையிலிருந்து இரண்டு முழ உயரம் வரைக்கும் கூரையோர இடைவெளிகளுக்கும் மட்டுமாவது இதைப் போடுங்கள்.

வலையை எப்படிப் பொருத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். ஸ்டேப்ளர் முள் மட்டும் அடித்தால் மழை பட்டுத் துருப்பிடித்து, ஒரு தள்ளுக்கே கழன்றுவிடும். வலையின் மேல் மரச்சட்டம் ஒன்றை வைத்து அழுத்தி, ஸ்க்ரூ போட்டு முறுக்குங்கள். இரும்புக் குழாய்ச் சட்டம் என்றால் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு கட்டுக்கம்பி கட்டி, முனையை வெளிப்பக்கம் மடக்குங்கள். உள்ளே நீட்டி விட்டால் கோழியின் கண்ணைக் குத்தும்.

படி 5: தரையும் கதவும்

பள்ளம் வெட்ட வேண்டியதே இல்லை. ஒன்றரை முழ அகலமுள்ள வலையைச் சுவரின் அடியில் கட்டி, வெளிப்பக்கமாகத் தரையில் படுக்கவைத்து, மேலே கல்லோ மண்ணோ போடுங்கள். தோண்டும் விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்ட ஆரம்பிக்கும். நகம் வலையில் பட்டதும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், பின்னால் தள்ளிப் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றுவது அரிது.

கதவுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தாழ்ப்பாள் வையுங்கள். ஒற்றைக் கொக்கி என்றால் அடிமூலையைப் பிடித்து இழுக்கும்போது கதவு வளைந்து இடம் விட்டுவிடும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, ஓடித் தப்பவும் தெரியாது. அதனால் பொழுது சாயும்போதே தலையை எண்ணி அடைத்துவிடுங்கள். தானியங்கிக் கதவு வைத்திருந்தாலும் எண்ணுவதை விடாதீர்கள்.

பகல் நேரத்துக்கு

பருந்துக்கு மேல்வலைதான் தீர்வு. பளபளக்கும் குறுந்தகடு தொங்கவிடுவது, சோளக்கொல்லைப் பொம்மை வைப்பது எல்லாம் சில நாள்தான் பலிக்கும், பறவைகள் பழகிவிடும். கீரி வரும் இடமென்றால், சுற்றியுள்ள விறகுக் குவியலையும் புதரையும் அகற்றுங்கள். வெட்டவெளியைக் கடந்து வர அது தயங்கும். குஞ்சுகளைத் தாய்க்கோழியோடு சேர்த்து வலைக்குள்ளேயே விடுங்கள்.

தயவுசெய்து செய்யாதீர்கள்

விஷம் வைக்காதீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும் சாகும், வளர்ப்பு நாயும் சாகும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடவே கூடாது; அதில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். பொறி வைத்துப் பிடித்து வேறு இடத்தில் விடுவதும் பயன் தராது. ஓட்டை அப்படியே இருந்தால் காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். இவற்றில் பல விலங்குகளைச் சட்டம் பாதுகாக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அந்த மரநாய் மேல் எனக்குக் கோபம் இருந்தது உண்மை. ஆனால் இப்போதும் அது அதே மாமரத்தில்தான் இருக்கிறது, பழம் தின்கிறது, என் கூட்டுக்குள் மட்டும் வருவதில்லை. அதுவே எனக்குப் போதும்.

சேர்க்கை 1: மேல்வலைக்கு வாங்கிய நைலான் வலையின் மிச்சத்தைத் தரையோரம் கட்டியதில், சாரைப்பாம்பு ஒன்று சிக்கிச் செத்துப்போனதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். படித்ததும் மிகவும் வருத்தமாக இருந்தது. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நைலான் வலையைத் தலைக்கு மேலே மட்டும், இழுத்துக் கட்டுங்கள். தரையில் தொங்கவே விடாதீர்கள். பாம்பு சிக்கியிருந்தால் நீங்களாக அறுக்கப் போகாமல், பாம்பு மீட்பவரை அழையுங்கள்.

சேர்க்கை 2: இதைப் படித்துவிட்டுக் கூரையோர இடைவெளியைத் தகரத்தால் முழுக்க அடைத்த ஒருவரின் கூட்டில், காலையில் கோழிகள் வாய் திறந்து மூச்சு வாங்கியிருக்கின்றன. இடைவெளியை வலையால் மூடுங்கள், தகரத்தால் அல்ல. காற்று போக வேண்டும்; கோழியின் எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா வெளியேறியாக வேண்டும்.

சேர்க்கை 3: எல்லாம் அடைத்தும் பாம்பு வருகிறது என்கிறீர்களா? இரவில் தீவனத்தட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். மாலையில் தட்டை எடுத்து, மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், எலி கடித்துவிடும்.