ஜேஇஇ மெயின் கணிதம்: மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் தயாராகும் முறை

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணிதத்துக்கு 90க்கு 85 வாங்கும் மாணவர்கள்கூட, பொறியியல் படிப்புக்கான தேசிய நுழைவுத்தேர்வான ஜேஇஇ மெயினில் அதே கணிதத்தில் திணறுவது உண்டு. பாடம் தெரியாமல் இல்லை. பொதுத்தேர்வின் 5 மதிப்பெண் கணக்கில் கடைசி வரியில் கூட்டல் தப்பினாலும், எழுதிய படிகளுக்கு மதிப்பெண் கிடைத்துவிடும். ஜேஇஇயில் படிகளை யாரும் பார்ப்பதில்லை. திரையில் குறித்த விடை சரியென்றால் 4, தவறென்றால் கழித்தல் 1. ஒரு குறி பிசகினால் மொத்தம் 5 மதிப்பெண் வித்தியாசம். அதனால் தெரிந்த கணக்கைப் பிழையில்லாமல் முடிக்கவும், இழுத்தடிக்கும் கணக்கை நேரத்தோடு விடவும் பழகுவதே இங்கு முக்கிய வேலை.

தாள் எப்படி இருக்கும்

2025 முதல் கணிதத்தில் 25 வினாக்கள். 20 வினாக்களுக்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீதி 5 வினாக்களுக்கு விடையை முழு எண்ணாக உள்ளிட வேண்டும். சாய்ஸ் கிடையாது. இரண்டு பகுதிக்கும் நெகட்டிவ் மார்க் உண்டு. மூன்று பாடங்களுக்கும் சேர்த்து 3 மணி நேரம், 75 வினாக்கள், 300 மதிப்பெண். பாடவாரியாக நேர வரம்பு இல்லை. ஜனவரி, ஏப்ரல் என இருமுறை எழுதலாம். இரண்டில் உயர்ந்தது எடுத்துக்கொள்ளப்படும். இருவர் மொத்தத்தில் சமமாக வந்தால் முதலில் பார்க்கப்படுவது கணித மதிப்பெண்தான்.

பழைய தாள்களை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2021 முதல் 2024 வரையிலான தாள்களில் கணிதத்துக்கு 30 வினாக்கள் இருக்கும்; எண் விடை வினாக்கள் பத்தில் ஐந்தை எழுதினால் போதும் என்ற முறை அப்போது இருந்தது. அந்தப் பழக்கத்தில் பயிற்சி எடுத்தால் இப்போதைய தாளில் நேரம் பற்றாமல் போகும். பத்தில் முதல் ஐந்தை மட்டும் கட்டாயமாக எழுதிப் பாருங்கள்.

எதைப் படிப்பது, எதை விடுவது

மாநிலப் பாடநூலில் படிப்பவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு: வகை நுண்கணிதமும் வரையறாத் தொகையிடலும் பதினொன்றாம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. ஆனால் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நேராகப் பன்னிரண்டுக்குத் தாவுபவர்கள் இந்தச் சாதகத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். முக்கோணவியல், வரிசை மாற்றங்களும் சேர்மானங்களும், ஈருறுப்புத் தேற்றம், தொடர்முறைகள், நேர்க்கோடுகள், எல்லைகள் எல்லாம் பதினொன்றின் பாடங்கள். தாளில் கணிசமான பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

இன்னொரு இடைவெளி புள்ளியியல். தரவுகளின் சராசரி, விலக்க வர்க்கச் சராசரி (variance) ஆகியவை மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. ஜேஇஇயில் அவை கேட்கப்படும். அந்த அத்தியாயத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கினால் எளிய மதிப்பெண் கைக்கு வரும்.

மாறாக, பகுதி வகையிடலும் தனிநிலைக் கணிதமும் ஜேஇஇக்குத் தேவையில்லை. கணிதத் தொகுத்தறிதலும் 2024 பாடத்திட்ட மாற்றத்தில் நீங்கிவிட்டது. பொதுத்தேர்வுக்காக இவற்றைத் தனியே படியுங்கள். ஜேஇஇக்கென்று ஒதுக்கிய நேரத்தில் கலக்காதீர்கள்.

எங்கே தொடங்குவது? அணிகளும் அணிக்கோவைகளும், வெக்டர், முப்பரிமாண வடிவியல், வரையறுத்த தொகை, வகைக்கெழுச் சமன்பாடுகள், தொடர்முறைகள். இவை தவறாமல் வரும். கணக்கின் வகைகளும் ஓரளவு எல்லைக்குட்பட்டவை. நிகழ்தகவும் சேர்மானங்களும் அப்படியல்ல. எவ்வளவு பயிற்சி செய்தாலும் புது வடிவில் வினா வரும். அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை, ஆனால் முதல் மாதத்தை அங்கே செலவழிக்காதீர்கள். ஜனவரித் தேர்வை எழுதுவதானால், பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டாம் தொகுதியைப் பள்ளியில் முடிக்கும்வரை காத்திருக்க முடியாது. வரையறுத்த தொகையையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் நவம்பருக்குள் சொந்தமாக முடித்திருக்க வேண்டும்.

ஓர் அத்தியாயத்தை முடிக்கும் விதம்

முதலில் மாநிலப் பாடநூலின் எடுத்துக்காட்டுகளையும், அத்தியாயக் கடைசியில் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களையும் போடுங்கள். அடுத்து என்சிஇஆர்டி நூலில் (சிபிஎஸ்இ பாடநூல்) அதே அத்தியாயத்தின் கடைசிப் பயிற்சி. அதன் பிறகு முந்தைய ஆண்டு வினாக்களில் அத்தியாயவாரியாக 40 முதல் 50 வரை. முதல் இருபதை நேரம் பார்க்காமல் போடலாம். மீதியைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்துக்கும் 30 நிமிடம் கடிகாரம் வைத்துப் போடுங்கள்.

கணக்கு வரவில்லை என்றால் உடனே தீர்வைப் புரட்டாதீர்கள். பத்து நிமிடம் முட்டி மோதுங்கள். அப்படியும் வராவிட்டால் தீர்வின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டு, மீதியை நீங்களே முடியுங்கள். முழுத் தீர்வையும் படித்துவிட்டு "புரிந்துவிட்டது" என்று நகர்ந்த கணக்குகள்தான் தேர்வில் திரும்பி வரும்போது கைவிடுகின்றன.

தவறிய கணக்குகளுக்குத் தனி நோட்டு வேண்டும். வினா எண், எந்த வரியில் பிசகியது, ஏன் பிசகியது, மறுபடி போட வேண்டிய தேதி, இவ்வளவு போதும். "கவனக்குறைவு" என்று எழுதாதீர்கள். அதனால் ஒன்றும் திருந்தாது. "அடைப்புக்குறிக்கு முன் இருந்த கழித்தல் குறியை இரண்டாம் உறுப்புக்குப் போடவில்லை" என்று எழுதுங்கள். ஒரு வாரம் கழித்தும், மூன்று வாரம் கழித்தும் அதே கணக்கைத் தீர்வு பார்க்காமல் போட வேண்டும்.

அடிக்கடி மதிப்பெண் போகும் இடங்கள்

புள்ளியியலில் இது வழக்கமான வினா: 10 எண்களின் சராசரி 5, விலக்க வர்க்கச் சராசரி 4. 8 என்ற எண் தவறாக 3 என்று எடுக்கப்பட்டுவிட்டது. சரியான விலக்க வர்க்கச் சராசரி என்ன? கூட்டுத்தொகை 50. அதில் 3ஐ நீக்கி 8ஐச் சேர்த்தால் 55. புதிய சராசரி 5.5. இதுவரை எல்லோரும் சரியாக வருவார்கள். வர்க்கங்களின் கூட்டுத்தொகையையும் திருத்த வேண்டும் என்பதுதான் பலருக்கு மறக்கும். அது 10 × (4 + 25) = 290. அதில் 9ஐக் கழித்து 64ஐக் கூட்டினால் 345. ஆகவே விடை 34.5 − 30.25 = 4.25. 290ஐத் திருத்தாமல் போட்டால் 29 − 30.25 என்று குறை எண் வரும். விலக்க வர்க்கச் சராசரி ஒருபோதும் குறை எண்ணாகாது. அப்படி வந்தால் எங்கே பிழை என்று தேட வேண்டியதே இல்லை, இந்த வரிதான்.

வரையறுத்த தொகையில் மீப்பெரு முழு எண் சார்பு வந்தால் இன்னொரு பொறி. 0 முதல் 2 வரை [எக்ஸ்²] என்ற சார்பின் தொகை வேண்டும் (அடைப்பு என்றால் உள்ளே இருக்கும் மதிப்பைத் தாண்டாத மிகப்பெரிய முழு எண்). அவசரத்தில் இடைவெளியை 1இல் மட்டும் பிரிப்பார்கள். ஆனால் முழு எண்ணைத் தாண்டுவது எக்ஸ் அல்ல, அதன் வர்க்கம். ஆகவே 1, √2, √3 என மூன்று இடங்களில் பிரிக்க வேண்டும். 1 முதல் √2 வரை மதிப்பு 1. √2 முதல் √3 வரை 2. √3 முதல் 2 வரை 3. கூட்டினால் 5 − √2 − √3, ஏறத்தாழ 1.85. சரிபார்க்க வழி: அடைப்பு இல்லாமல் எக்ஸ்² மட்டும் என்றால் தொகை 8/3, அதாவது 2.67. நம் விடை அதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2ஐத் தாண்டக் கூடாது; அடைப்பு எந்த இடத்திலும் 1க்குக் குறைவாகத்தான் வெட்டும், இடைவெளியின் நீளம் 2. பத்து நொடியில் முடியும் இந்தச் சோதனை பல தவறான ஆப்ஷன்களைத் தள்ளிவிடும்.

ஆப்ஷன்களில் எண்களைப் போட்டுப் பார்ப்பது நியாயமான வழிதான், ஆனால் ஓர் எண்ணோடு நிறுத்தக் கூடாது. 1·1! + 2·2! + 3·3! + … என்ற தொடரின் முதல் என் உறுப்புகளின் கூடுதலுக்கு (என்+1)! − 1, என் × என்!, (என்+1)! − என் என்று ஆப்ஷன்கள் இருந்தால், என் = 1 என்று போட்டால் மூன்றுமே 1 தரும். என் = 2 என்றால் கூடுதல் 5; முதல் ஆப்ஷன் மட்டுமே 5, மற்ற இரண்டும் 4. எப்போதும் 2இலோ 3இலோ தொடங்குங்கள்.

கால்குலேட்டர் கிடையாது. 30 வரை வர்க்கங்களும், 15 வரை கனங்களும், √2, √3, √5 ஆகியவற்றின் மதிப்புகளும் யோசிக்காமல் வர வேண்டும்.

மாக் டெஸ்டும் தேர்வு நேரமும்

கடைசி எட்டு வாரங்களில் வாரம் ஒரு முழு மாக் டெஸ்ட் போதும். கடைசி மூன்று வாரங்களில் இரண்டாக்கலாம். தேர்வு காலை 9 முதல் 12 வரையும், மதியம் 3 முதல் 6 வரையும் நடக்கும். மாக் டெஸ்டையும் அதே நேரத்தில் எழுதுங்கள். ஒரு டெஸ்டுக்கு 3 மணி நேரம் என்றால், அதை அலசவும் அதே அளவு நேரம் தேவை. அலசாமல் அடுத்த டெஸ்டுக்குப் போவது வெறும் களைப்பு.

வேதியியலை 45 நிமிடத்துக்குள் முடிக்க முடிந்தால், இயற்பியலுக்கு 60 நிமிடம் போக கணிதத்துக்கு 75 நிமிடம் கிடைக்கும். அதை மூன்று சுற்றாகப் பிரியுங்கள். முதல் சுற்று 35 நிமிடம்: படித்தவுடன் வழி தெரியும் கணக்குகள் மட்டும். 30 நொடியில் வழி தெரியாவிட்டால் அடுத்ததற்குப் போங்கள். இரண்டாம் சுற்று 30 நிமிடம்: வழி தெரியும், ஆனால் நீளம் அதிகம் என்று ஒதுக்கியவை. நான்கு நிமிடத்துக்கு மேல் ஒரே கணக்கில் உட்காராதீர்கள். கடைசி 10 நிமிடம் எண் விடைகளைச் சரிபார்க்க.

ஊகத்துக்கும் கணக்கு உண்டு. நான்கு ஆப்ஷன்களில் இரண்டை உறுதியாகத் தள்ளிவிட்டால், மீதியில் ஒன்றைக் குறிப்பதால் சராசரியாக 1.5 மதிப்பெண் லாபம், குறிக்கலாம். ஒன்றுமே தள்ள முடியாதபோது லாபம் கால் மதிப்பெண்தான். அதற்காக ஆறேழு வினாக்களைக் கண்ணை மூடிக் குறித்தால் அன்றைய அதிர்ஷ்டத்தை நம்பியதாகும். எண் விடையில் ஊகமே வேண்டாம்.

தமிழில் தேர்வு எழுதுபவர்கள் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லையும் கூடவே பழகிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. திரையில் அதையும் பார்க்கலாம்.

ரஃப் ஷீட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் வினா எண் போட்டு, கட்டம் கட்டி எழுதுங்கள். மூன்றாம் சுற்றில் சரிபார்க்கும்போது தேட வேண்டியிருக்காது. எண் விடையைத் திரையில் உள்ள எண்பலகையில் மவுஸால் அழுத்த வேண்டும், கணினியின் விசைப்பலகை வேலை செய்யாது. விடையைக் குறித்துவிட்டு மறுபார்வைக்கும் அடையாளமிட்ட வினா திருத்தத்தில் சேரும். சேமிக்காமல் வேறு வினாவுக்குத் தாவினால் குறித்த விடை போய்விடும்.