சொல்லின் உணர்ச்சிக்கு எண் போடுவது எப்படி

ஒரு சொல் மனதுக்கு எவ்வளவு இதம், எவ்வளவு கசப்பு என்பதை எண்ணாகச் சொல்லும் பெரிய பட்டியல்கள் ஆங்கிலத்தில் உண்டு. 2013-இல் வாரினர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 13,915 சொற்களுக்கு, 1 முதல் 9 வரை, ஆட்களிடமே மதிப்பெண் வாங்கினார்கள். அதையே மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளலாமே என்று என் மாணவர்கள் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். மதிப்பெண் போட்டவர்கள் அமெரிக்காவில் வசிப்பவர்கள். தமிழ்ச் சொல்லைத் தமிழ் உரையிலிருந்துதான் அளக்க வேண்டும்.

ஃபாஸ்ட்டெக்ஸ்ட் என்ற கருவி, உரையில் ஒரு சொல் எந்தச் சொற்களோடு வருகிறது என்பதை வைத்து அதை எண்களாக்கும்; அந்த எண் வரிசைதான் சொல் வெக்டர். அது 157 மொழிகளுக்குத் தரும் வெக்டர்களில் தமிழும் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் 300 எண்களின் வரிசை. கனமாக இருந்தாலும் .bin என்று முடியும் கோப்பையே இறக்குங்கள். 'அழுதுகொண்டிருந்தவளிடம்' மாதிரியான வடிவங்களை எந்தப் பட்டியலும் முழுக்க அடக்காது. .bin கோப்பு சொல்லின் துண்டுகளைக் கூட்டி அதற்கும் வெக்டர் தரும்.

அடுத்து விதைச் சொற்கள், அதாவது இதம், கசப்பு என்ற இரு முனைகளையும் காட்ட நாமே தேர்ந்தெடுக்கும் சொற்கள். அன்பு, நிம்மதி, வெற்றி என்று ஏழு. வெறுப்பு, கவலை, தோல்வி என்று ஏழு. 2003-இல் டர்னியும் லிட்மனும் ஆங்கிலத்தில் இப்படி ஏழேழு சொற்களை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு வெக்டரின் நீளத்தையும் 1 ஆக்கி, முதல் ஏழின் சராசரியிலிருந்து மற்ற ஏழின் சராசரியைக் கழியுங்கள். கிடைப்பது ஓர் அச்சு. எந்தச் சொல்லின் வெக்டரையும் அதோடு உட்பெருக்கினால், அதாவது எண்ணுக்கு எண் பெருக்கிக் கூட்டினால், அந்தச் சொல்லின் மதிப்பு வரும். வெக்டர் பக்கத்தில் இருக்கும் சொற்களை மட்டும் பார்த்தால் போதாதா? போதாது. நல்ல, கெட்ட இரண்டும் ஒரே மாதிரி வாக்கியங்களில் வருவதால் வெக்டர்களும் பக்கத்தில்தான் இருக்கும்.

விதையில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரு பக்கம் பெயர்ச்சொல், மறுபக்கம் வினைமுற்று என்று வைத்தால் அந்த அச்சு இலக்கணத்தை அளக்க ஆரம்பித்துவிடும். 'மகிழ்ச்சியின்மை' போன்றவற்றையும் சேர்க்காதீர்கள். துண்டுகள் பொதுவாக இருப்பதால் அது மகிழ்ச்சியின் பக்கமே இழுபடும். உரையில் வரும் இன்மை, இல்லாத போன்ற ஈறுகளுக்குத் தனி விதி எழுதுங்கள். 'அன்பைக்' என்று ஒற்று மிகுந்து வந்தால் அந்த ஒற்றை முதலில் வெட்டுங்கள்.

அப்புறம் சரிபார்ப்பு. இருநூறு சொற்களை இருபது பேரிடம் கொடுத்து மதிப்பெண் வாங்கி, ஸ்பியர்மன் தரவரிசைத் தொடர்பைப் பாருங்கள்; ஆட்கள் தந்த வரிசையும் அச்சு தரும் வரிசையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அது சொல்லும். இதைத் தவிர்த்துவிட்டு வரும் எண்ணை நான் ஏற்பதில்லை. பட்டாசு என்றதும் ஆட்களுக்குத் தீபாவளி. செய்தி உரையிலோ ஆலை விபத்து. இப்படி விலகும் சொற்களைத் தனியே எடுத்துப் படியுங்கள்.

சில நூறு மதிப்பெண்கள் சேர்ந்ததும் விதை அச்சை விட்டுவிட்டு, அவற்றின் மேல் ரிட்ஜ் பின்னடைவைப் (வெக்டரிலிருந்து மதிப்பெண்ணைக் கணிக்கும் முறை, ridge regression) பயிற்றுங்கள். கால்வாசியைச் சோதனைக்கு ஒதுக்கி வையுங்கள்.